ப்ளேன் சாப்பாடு தின்ற பன்றிகள்

கால்நடை இறக்குமதிச் சட்டம், 1898, பிரிவு 3A: மனிதருக்கோ விலங்குக்கோ கேடு விளைவிக்கக்கூடிய கால்நடைப் பொருள் எதன் இறக்குமதியையும் மத்திய அரசு கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். விமானச் சரக்குப் பிரிவில் இறக்குமதிக் காகிதங்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டு விமானத்தில் பயணிகள் மிச்சம் வைக்கும் கறித்துண்டும் இந்தப் பிரிவில் அடங்கும், அதை வெளியே விடாமல் எரித்துவிட வேண்டும் என்பதில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எரிக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியுடன் வருவாள். ஹென்னூருக்கு அப்பால் பன்றி வளர்க்கிறவள். கணவன் இறந்த பிறகு நகைகளை விற்று அந்தக் கொட்டகையைக் கட்டினாள். அவளுக்கு இருப்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, நான்கு காலில் நிற்கிறது. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கறிக்கு ஈஸ்டர் முடிந்ததுமே சொல்லி வைத்துவிடுவார்கள். யாருக்குத் தொடை, யாருக்கு விலா என்பதில் சில குடும்பங்களுக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனதும் உண்டு.

அந்த வருஷம் ஒரு புது வார்த்தை அடிபட்டது: ப்ளேன் பன்னி. பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியை கேட்டைத் திறந்துகொண்டு வந்து, தனக்குச் சாதாரணப் பன்றி வேண்டாம், ப்ளேன் பன்னிதான் வேண்டும் என்று சொல்லி வைத்திருப்பதாக என்னிடம் பெருமைப்பட்டார். கறியில் கொழுப்பு பாலாடை மாதிரி இருக்கிறதாம். அது என்ன பன்றி என்று நான் விசாரிக்கும் முன்பே, அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன் மேடம். பிரிக்கவே இல்ல. ஃபாரின் ஐட்டம்."

பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு துண்டு பன்றி சாசேஜ். தயாரித்த நாட்டின் பெயரைப் படித்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதால் அந்த நாட்டிலிருந்து பன்றிக்கறி வரக்கூடாது என்று நானே எத்தனையோ சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் தடுத்ததெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இது மட்டும் என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டித் தரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் குப்பையை அள்ளுகிற ஒப்பந்தக்காரரின் வேன், விடியற்காலையில் நீல டிரம்களோடு அவள் கொட்டகைக்கு வருகிறது. எரிக்கிற இடம் தூரம், கொட்டகை வழியிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பன்றியின் குடலை அடைக்கும் என்பதால் அவள் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகப் பிரித்து எடுக்கிறாள். வெண்ணெய், ஜாம், சீஸ், கறி என்று வகை வகையாக. பிரிக்காமல் வருவதை வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறாள். சோறு போடும் விஷயத்தில் அவளுக்கு இருந்த அக்கறை, அதை அனுப்பிய ஒருவருக்கும் இல்லை.

நான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். இந்தக் காய்ச்சல் பதப்படுத்திய கறியிலும் மாசக்கணக்கில் சாகாமல் இருக்கும். நம் ஊரில் இதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு கொட்டகையில் வந்துவிட்டால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற எல்லாப் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும் என்பது விதி. நோய் இல்லாத பன்றியையும் விட மாட்டார்கள்.

அவள் ஐஸ் பெட்டியை மூடினாள்.

"அவ்ளோ டேஞ்சர்னா ப்ளேன்ல மனுஷங்களுக்கு ஏன் மேடம் குடுக்கறாங்க?"

"மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பன்னிக்குத்தான்."

"அப்ப நம்மளவிட பன்னி வீக்கு," என்று சொல்லிவிட்டு, சாசேஜ் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே கொல்லைப்புறத்து அடுப்பில் போட்டாள். விதிப்படி எரிக்கப்பட்ட முதல் பொட்டலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று இரவே மனு எழுதினேன். இறக்குமதியைப் பார்க்கும் அலுவலகம், விமான நிலையக் கேட்டைத் தாண்டியதும் அது இறக்குமதி அல்ல, குப்பை என்றது. குப்பையைப் பார்க்கும் அலுவலகம், பன்றி தின்றால் அது குப்பை அல்ல, தீவனம் என்றது. தீவனத்துக்குரிய அலுவலகத்தில் போனை எடுத்தவர் மிகுந்த மரியாதையுடன், பன்றி ஏதாவது செத்திருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். செத்ததும் உடனே தகவல் கொடுங்கள், மாதிரி எடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றார். மூன்று பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரி. அந்தத் தர்க்கத்தை நான் நாற்காலியில் இருந்தபோது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்பதால், அதில் எங்கே ஓட்டை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டையைத் தேடுகிற வரைக்கும் பன்றிகள் பட்டினி கிடக்க முடியாது.

வேனை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பதிலுக்குத் தீவனம் தேடி இருவரும் அலைந்தோம். அல்சூரில் ஒரு சைவ டிபன் ஹோட்டல்காரர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: சாப்பிட வருகிறவர்கள் காதில் 'பன்றி' என்ற சொல் விழக்கூடாது. கால்நடை என்று சொல்ல வேண்டும். அப்படியே சொன்னோம். கறித்துண்டே கலக்காத எச்சில் என்றாலும் வேகவைத்துத்தான் போட வேண்டும் என்றேன். தொண்ணூறு டிகிரி, ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொய்யா அல்வா கிளறும்போது சூடு பார்க்க நான் வைத்திருந்த தெர்மாமீட்டரை அவளிடம் கொடுத்தேன். பன்றிக்குச் சமைக்கிறவளாகிவிட்டேன் என்று முதல் வாரம் முணுமுணுத்தாள். இரண்டாவது வாரம் சூடு குறைந்ததென்று விறகு போட்டவனைத் திட்டினாள்.

எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர் கிடைத்தது: சாம்பார் பன்னி. ஆசிரியை தன் தொடையை ரத்து செய்தார். இன்னும் சில வீடுகளும் பின்வாங்கின. வீடு வீடாகப் போய் காய்ச்சலைப் பற்றி விளக்கினேன். ஒரே ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.

ஜூன் மழை தொடங்கியபோது, அவள் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் நனைந்துகொண்டே வந்து நின்றாள். வேன் மறுபடியும் அவள் ரோட்டுக்கு வருகிறது. அவளிடம் அல்ல, எதிர்ப்பக்கம் அவள் கணவனின் தம்பி வைத்திருக்கும் கொட்டகைக்கு. நான் அன்றே அவளுடன் ஸ்கூட்டரில் போனேன். இரண்டு கொட்டகைகளுக்கும் நடுவில் ஒரு மண் ரோடு. இந்தப் பக்கத்துப் பன்றி செருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அவன் டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்களுக்கு வேணாம்னா நான் வாங்கிக்கக் கூடாதா அண்ணி? உங்க பன்னிங்க இட்லி சாம்பார் சாப்பிடட்டும். எங்க பன்னிங்க கொஞ்சம் ஃபாரின் சாப்பிடட்டுமே."

"உன் பன்னி செத்தா என் பன்னியையும் குழி தோண்டிப் போட்டுருவாங்கடா."

"இத்தினி நாள் உங்களுது செத்துச்சா? நீங்க தின்னக் குடுத்தப்போ நல்ல சாப்பாடு, நான் குடுத்தா விஷமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நான் என்னா ஒழுங்கா பண்ணாலும் அவன் கொட்டகையில வந்தா போச்சு, அப்படித்தான மேடம்?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். ரோட்டின் இந்தப் பக்கம் நிறுத்தினால் அந்தப் பக்கம் போகும், அங்கே நிறுத்தினால் அடுத்த ஊருக்குப் போகும். வேன் புறப்படும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

அதன் பிறகு நான் புகார் எழுதவில்லை. புகாருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பன்றி என்ற சொல்லே அதில் இல்லை. 'வெளிநாட்டு விமானங்களில் மிஞ்சும் உணவு எரிக்கப்படும்போது பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்யும் அதிகாரியின் பதவி என்ன?' அவ்வளவுதான். தெரியாது என்று எழுத முடியாது. அப்படி யாரும் இல்லை என்றும் எழுத முடியாது. ஒரு பதவியின் பெயரை எழுதினால், அந்த மனிதர் மறுநாள் காலை போய் நின்றே ஆக வேண்டும்.

கேள்வி பிரிவு 6(3)-இன்படி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து மறுபடியும். மாற்றிய ஒவ்வொருவருக்கும் நன்றி தெரிவித்து, முதல் மேல்முறையீட்டைக் கெடு முடிந்த மறுநாளே போட்டேன். விசாரணைக்கு அழைத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். இது எதற்காகத் தேவைப்படுகிறது மேடம் என்று கேட்டார். காரணம் கேட்கக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை எடுத்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, எழுதுகிறோம் என்றார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. வேன் வருகிற ஒவ்வொரு காலையும் ரோட்டைக் கடந்து போய், கொழுந்தனின் டிரம்மிலிருந்து கறி உறைகளைப் பொறுக்கி எடுத்துத் தன் அடுப்பில் எரித்தாள். அவன் திட்டுவான். இவள் பொறுக்குவாள். மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது. மீதியையும் வேகவைத்துப் போடு என்று அவனிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவன் இவள் அடுப்பிலேயே வேகவைக்க ஆரம்பித்தான், விறகு இவளுடையது என்பதால்.

ஒருநாள் காலை வேன் வரவில்லை. மறுநாளும் இல்லை. கொழுந்தன் டிரைவருக்குப் போன் செய்தான். கேட்டில் யாரோ ஓர் ஆபீசர் வந்து நிற்கிறார், டிரம்மை எண்ணி அனுப்புகிறார், எரிக்கிற இடம் வரை பின்னாலேயே ஜீப்பில் வருகிறார் என்று டிரைவர் அழாத குறையாகச் சொன்னானாம். அந்தச் செய்தியை அவள் போனில் சொன்னபோது பின்னால் பன்றிகளின் சத்தம் கேட்டது. இரண்டு பக்கத்துப் பன்றிகளும் என்றாள். கொழுந்தன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அல்சூர் ஹோட்டல்காரரிடம் தனக்கும் ஒரு டிரம் சொல்லச் சொல்கிறான் என்றாள்.

என் கேள்விக்கான பதில் பதிவுத் தபாலில் வந்தது. ஒரே வரி, ஒரு பதவியின் பெயர், கீழே கையெழுத்து. உறையின் மேல் நான் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்தேன்: நவம்பர் இருபத்தொன்பது, கிறிஸ்துமஸுக்கான காத்திருப்பு தொடங்கும் அட்வென்ட் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை.