ஏசுகிற வட்டலப்பம்

என் மேசையில், கணினித் திரைக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் மூடி கிடக்கிறது. வட்டலப்பக் கோப்பையின் மூடி. அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சாம்பல் நிறம். நடுவே மெலிந்த ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு புள்ளி, கீழே கைபேசியைக் காட்டினால் இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும் கறுப்புச் சதுரக் குறி. கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் லோகோ வரைந்து பிழைக்கிறவன் நான். வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் என் நல்ல வேலைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த மூடியைத்தான் கையில் எடுப்பார்கள். "இதும் நீங்க செஞ்சதா?" என்பார்கள். நான் செய்ததுதான். என் வேலைகளில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது இது ஒன்றுதான், அதுவும் என் பிழையால்.

முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற அந்த வட்டலப்பம் என் சாச்சியுடையது. சாச்சி என்றால் உம்மாவின் தங்கை, குண்டசாலையில் இருந்தார். கைபேசியில் எழுத்துத் தட்டுவது அவருக்குப் பிடிக்காது. "எழுத்துக்குச் சத்தம் இல்லியே, நான் கோவமா ஈக்கன்டு எப்பிடி வெளங்குற?" என்பார். ஆகையால் எல்லாம் குரல் பதிவுதான். காலையில் கண் விழித்தால் இரண்டு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று என்று வரிசையாகக் கிடக்கும். முக்கால்வாசி ஏச்சு. முடி வெட்டாததற்கு, உம்மாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுக்காததற்கு, மழையில் மோட்டார் சைக்கிள் ஓடியதற்கு. எவ்வளவு ஏசினாலும் கடைசி வரி மட்டும் மாறாது: "சரி, சாப்பிட்டியா?" அதைக் கேட்டுவிட்டுத்தான் விரலை எடுப்பார்.

அதுவரை நோன்பு காலத்தில் அக்கம்பக்கத்துக்கு மட்டும் வட்டலப்பம் அவித்துக் கொடுத்தவருக்கு ஒரு நாள் பெரிய ஓடர் ஒன்று வந்தது. கலகெதரவில் இருந்த அவருடைய பள்ளிக்கூடத்துச் சினேகிதி தன் மகனின் வலீமா எனும் கல்யாண விருந்துக்கு முந்நூறு கோப்பை கேட்டார். சாச்சி இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தார். பயமும் இருந்தது. அந்த மாமி எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர் என்று ஊருக்கே தெரியும். சரியாக அமைந்தால் சாச்சியின் கைப்பக்குவம் கண்டி முழுக்கத் தெரியவரும். பிழையாகிப்போனால் ஓடரோடு நாற்பது வருடச் சினேகிதமும் போய்விடும். "மூடிக்கு நல்லதா ஒரு ஸ்டிக்கர் செஞ்சு தா மகன், நீ படிச்சவன்" என்று என்னிடம் வந்தார்.

படித்தவன் என்ன செய்வான்? சாம்பல் நிறத்தைப் போட்டான். அந்த நேரத்தில் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அதே நோய். எழுத்தை மெலிய வை, படத்தை எடு, பாதி இடத்தை வெறுமையாக விடு. கண்டி வீதிகளில் நடந்து பாருங்கள், பல் வைத்தியருக்கும் கேக் கடைக்கும் அழகு நிலையத்துக்கும் ஒரே பலகைதான். உள்ளே போய் வாயைத் திறந்த பிறகுதான் எதற்குத் திறந்தோம் என்று தெரியும். அந்தப் பலகைகளில் நாலைந்து என் கைவேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரைந்ததை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. இன்றும் எனக்கு மனப்பாடம்.

"மகன், அனுப்பினத பாத்தன். என்ன இது, மருந்துக் கடையில தார களிம்பு டப்பா மாதிரி ஈக்கி. வட்டலப்பம் என்ன கலர்ன்டு தெரியாதா ஒனக்கு, பொறந்ததிலிருந்து தின்றாய் தானே? அந்த எழுத்த வாசிக்க ரெண்டு கண்ணாடி போடணும். இங்க மாப்புளட உம்மா ஒரு பக்கத்தால உசிர எடுக்குறா. நேத்து மட்டும் நாலு கோல். ஏலக்காய் நெறயப் போடணுமாம், வாசம் மட்டும் வரப்படாதாம். நான் என்ன, ஏலக்காய்ட வாயக் கட்டிட்டா போடுற? ஸ்கூல்லயும் அவ இப்பிடித்தான், குச்சி ஐஸ் வாங்கினாலும் சூடா ஈக்கான்டு கேப்பா. அல்லாஹ்தான் அந்தப் புது மருமகளக் காப்பாத்தணும். சரி, சாப்பிட்டியா?"

நான் விடவில்லை. இப்போது இதுதான் பெஷன் என்று சொல்லிச் சமாளித்தேன். அதோடு நிற்காமல், மூடியில் ஒரு குறி போடுவோம், கைபேசியைக் காட்டினால் சாச்சியின் குரலிலேயே மணமக்களுக்கு ஸலாமும் துஆவும் கேட்கட்டும் என்று இன்னொரு புத்திசாலித்தனத்தையும் சேர்த்தேன். இது அவருக்குப் பிடித்துப்போனது. குரலைத்தான் பதிகிறோம் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்காமல் நல்ல சேலை உடுத்தி, முந்தானையைத் தலையில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். பதினோராவது தரத்தில் சரி வந்தது. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் தோற்றுப்போவார், அப்படி ஒரு தமிழ். அதையும் அதே வெள்ளிக்கிழமைதான் எனக்கு அனுப்பினார்.

பிழை நடந்த விதம் இதுதான். கைபேசி குரல் பதிவுகளுக்குப் பெயர் வைப்பதில்லை, வெறும் இலக்கங்கள்தான் வைக்கும். ஒரே நாளில் வந்த இரண்டு பதிவுகளுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அவசரமாக ஒன்றை ஏற்றினேன். பரீட்சித்துப் பார்க்காமலும் இல்லை. குறியைக் காட்டினேன், பக்கம் திறந்தது, ஒலிக்கோடு அழகாக ஓடியது. சத்தம் கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குள் போகும்போது கைபேசியை ஊமையாக்கியவன், அதைத் திரும்பப் பேச வைக்க மறந்திருந்தேன். கோடு ஓடினால் போதும் என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

வலீமா மண்டபத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே திரை கட்டியிருந்தார்கள். சமையலறை வாசலில் சாச்சியும் நானும் நின்று, கோப்பைகள் இரண்டு பக்கமும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் மாமா, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கோப்பை பரிமாறிய பையன்கள் சொன்னதைக் கேட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தார். "ஸலாம் சொல்லுதாம், கேளுங்க" என்று மேசையில் இருந்தவர்களை அமைதிப்படுத்தி, சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கைபேசியைக் காட்டினார். "என்ன இது, மருந்துக் கடையில தார களிம்பு டப்பா மாதிரி ஈக்கி" என்றது சாச்சியின் குரல். அதிபர் திடுக்கிட்டுக் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அடுத்த மேசைக்காரர்களும் காட்டினார்கள். பிறகு திரைக்கு அந்தப் பக்கம். ஒன்று முடியுமுன் இன்னொன்று தொடங்க, நாலா பக்கத்திலிருந்தும் சாச்சி ஏசினார். ஒரு மூலையில் களிம்பு டப்பா, ஒரு மூலையில் ஏலக்காயின் வாய், ஒரு மூலையில் குச்சி ஐஸ். வாய் நிறைய வட்டலப்பத்தோடு இருந்தவர்களைப் பார்த்து, மேசைக்கு மேசை, "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

நான் சாச்சியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, "என்ன செஞ்சுட்டாய் மகன்" என்றார், மிக மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

திரையை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் உம்மா வந்தார். கையில் திறந்த கோப்பை. பக்கத்து மேசைக்காரர்கள் அவசரமாகக் கைபேசிகளை அணைத்தார்கள். நேரே சாச்சிக்கு முன்னால் வந்து நின்று, கோப்பையை மூக்கருகே பிடித்து நீளமாக மூச்சை இழுத்தார். "வாசம் வருதுடி" என்றார். "நீ வாயக் கட்டல்ல போல." மாமி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார், விழுங்கினார், பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "குச்சி ஐஸ் விஷயத்த இன்னும் மறக்கல்லயாடி நீ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சாச்சி அழுதுகொண்டே சிரித்தார். புது மருமகளும் மேடையில் தலையைக் குனிந்து சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இணையத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டே நாளில் அந்தப் பதிவு கலகெதரவிலிருந்து தெல்தோட்டை வரை கைபேசி கைபேசியாகப் போய்விட்டது. யாரோ அதற்குத் தாளம் சேர்த்தார்கள், யாரோ பூனைப் படம் போட்டார்கள். பெயரும் ஊரே வைத்தது: ஏசுகிற வட்டலப்பம். "அந்த ஏசுற வட்டலப்பத்துல அம்பது வேணும்" என்று முன்பின் தெரியாதவர்கள் கோல் எடுத்தார்கள். நிறுவனங்களுக்கு ஒரு தனிக் குரல் வேண்டும் என்று படம் போட்டு விளக்கிக் காசு வாங்குகிறவன் நான். பக்கத்திலேயே கிடந்த குரலுக்குச் சேலை உடுத்தி உட்கார வைத்திருக்கிறேன்.

சாச்சி நாலு நாள் எனக்குக் குரல் பதிவு அனுப்பவில்லை. காலையில் வெறுமையான கைபேசியைப் பார்ப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை அடுப்பில் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். "இன்டநெட்லயும் அழி" என்றார். "அழிக்கிறன் சாச்சி" என்றேன். அழிக்கவில்லை. மனம் வரவில்லை. அடுத்த ஸ்டிக்கர் கருப்பட்டி நிறத்தில், மஞ்சள் எழுத்தில், அவர் சொன்னபடியே வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் சாச்சி தோஹாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அங்கே பேரப்பிள்ளைகளை ஏசுவதில் எனக்கு வரும் ஏச்சு குறைந்துவிட்டது. அந்த இணையப் பக்கத்தையும் யாரும் திறப்பதில்லை என்று நினைத்து, போன மாதம் மூடிவிடலாமென்று கணக்கைப் பார்த்தேன். எந்த ஊரிலிருந்து, எப்போது திறந்தார்கள் என்று அது காட்டும். கண்டி இல்லை, கொழும்பு இல்லை. வெள்ளிக்கிழமை தோறும், ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு, ஒரே ஒரு தரம், தோஹா. அந்த முகவரி யாராலும் நினைவில் வைக்க முடியாத எழுத்துக் கோவை. ஸ்டிக்கர் கையில் இல்லாமல் திறக்க வழியே இல்லை.

போன வெள்ளிக்கிழமை கோல் எடுத்தபோது சாச்சி வழக்கம்போலக் கேட்டார்: "அத அழிச்சிட்டாய் தானே?"

நான் மேசையிலிருந்த மூடியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன். "எப்பவோ அழிச்சிட்டன் சாச்சி."

"நல்லம்" என்றார். "சரி, சாப்பிட்டியா?"