அம்மாவுக்குத் தெரியாத இரண்டு கட்டை

அப்போது எனக்கு எட்டு வயது. திருவனந்தபுரத்துக் கல்யாண வரவேற்புகளில் அம்மா பாடுவாள், அப்பா கீபோர்டு வாசிப்பார். தபலாவும் வயலினும் பென்டிரைவிலிருந்து வரும். அந்த வருடம் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆறு மாதம் பாடவில்லை. மறுபடி ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டதும், அப்பா புது கீபோர்டு வாங்க என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் போனார்.

கடையில் பெரிய வண்ணத்திரை வைத்த ஒன்று இருந்தது. நான் அதை விட்டு நகரவில்லை. அப்பா பென்டிரைவைச் செருகி, அம்மாவின் பாட்டுக்கான இசையை ஓடவிட்டு, சுருதியை இரண்டு கட்டை இறக்கினார். திரையில் எண் பளிச்சென்று மாறியது.

"பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார் அப்பா.

"பின்னெ! நல்லாத் தெரியும் சாரே," என்றார் கடைக்காரர் பெருமையாக.

"அப்போ வேண்டாம்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான். கடைசியில் நகத்தளவு திரை கொண்ட, சாம்பல் நிறத்தில் ஒன்றை வாங்கினார். சுருதியை இறக்கினாலும் அதில் தபலா சத்தம் கெடாதாம். அழுகையை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "கட்டை குறைச்சதை மட்டும் அம்மாகிட்ட சொல்லண்டாம், கேட்டியா," என்றார்.

கல்யாணம் விதுராவில். மேடையேறும்வரை அம்மா என் கையை விடவேயில்லை. ஆனால் பாட்டின் உச்சத்தை அவள் சிரமமில்லாமல் தொட்டபோது மண்டபமே கைதட்டியது. அப்பா துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தார், பிறகு கண்ணை.

பந்தியில் எனக்கு வாய் நிற்கவில்லை. "அம்மா, அப்பா ரெண்டு கட்டை குறைச்சுத்தான் வாசிச்சாரு."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "முதல் வரியிலயே தெரிஞ்சுது மக்களே. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிராத."

அதற்குள் அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"குரல் பழையபடி ஆயிட்டு, இல்லியா?" என்று கேட்டாள் அம்மா.

"அதே சுருதியிலதானே பாடின!" என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். அம்மா தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவர் இலையில் வைத்தாள். பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த நான், இவர்களில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று தெரியாமல், பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.