பெரியப்பாவாக வந்த இன்ஜினியர்

வீடு வாங்குவதற்கு முன் ஒரு நிபுணரை அழைத்துப் போய் அந்த வீட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எங்கோ படித்தேன். எனக்கு வந்த கேடுகளில் பாதி, எங்கோ படித்ததால் வந்தவை. வெளிநாடுகளில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். டார்ச் லைட்டோடு வந்து, சாக்கடை மூடியைத் திறந்து பார்த்து, கூரை மேல் ஏறி, நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பார்களாம். அதைப் படித்துவிட்டு ஒருவர் நிம்மதியாக வாங்கலாம், அல்லது நிம்மதியாக ஓடிப்போகலாம். அந்த ‘நிம்மதியாக’ என்ற சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. விழுப்புரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். இருபத்து நான்கு வருடத்தில் அது எட்டாவது வீடு. தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தை பிறந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடிவருவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு முழங்கால் வலி. வேலை திண்டிவனத்தில், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். தினமும் மாடி இறங்கி, பஸ் ஏறி, பஸ் இறங்கி, மறுபடி பஸ் ஏறி, கடைசியில் மாடி ஏறுவாள். வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இன்னொரு வாடகை வூட்டுக்கு நான் வர்றதா இல்ல. நீங்க வேணா போயி இருந்துக்கோங்க” என்றாள்.

வங்கி மேலாளர் என் பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு, பழக்கடையில் கொய்யாவை அமுக்கிப் பார்க்கிறவர்கள் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார். இந்த வருடமென்றால் கடன் கொடுத்துவிடலாம், அடுத்த வருடமென்றால் கஷ்டம் என்றார். ஆக, இப்போது வாங்காவிட்டால் எங்களுக்கு இந்த ஜென்மத்தில் வீடு கிடையாது.

எங்கள் கைக்கு எட்டிய வீடு திண்டிவனத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தரைத்தளம், இரண்டு படுக்கையறை, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். வீட்டின் சொந்தக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். புதுச்சேரியில் கம்பெனி வேலை என்பதால் அந்தப் பக்கமே போய்விடப் போவதாகச் சொன்னார். “ஆடி முடியற வரைக்கும் உங்களுக்காகத்தான் சார் வெச்சிக்கினு இருக்கேன். ஆவணி பொறந்துச்சின்னா வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க” என்றார். எந்த வீட்டுக்கும் வேறு பார்ட்டி ஒருவர் எப்போதும் ரெடியாக இருப்பார். என் ஆயுளில் நான் எதற்குமே அந்த வேறு பார்ட்டியாக இருந்ததில்லை.

சோதிக்கிற ஆளைத் தேடிப் புறப்பட்டேன். வக்கீல், “பத்திரம் பாக்கணுமா?” என்று கேட்டார். பத்திரம் பார்த்தாயிற்று என்றேன். தெரிந்த புரோக்கர், “வாஸ்து பாக்கணுமா? கைராசிக்காரர் ஒருத்தர் இருக்காரு” என்றார். வாஸ்து வேண்டாம், வீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

“அதான் நீங்களே பாத்துட்டீங்களே சார்.”

“சுவர், தளம், கம்பி எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்கணும்.”

“சுவர்தான் நிக்குதே சார். இன்னா பேஜாரு புடிச்ச ஆளா இருக்கறீங்க.”

கடைசியில் ஒருவர் கிடைத்தார். அரசாங்கத்தில் மதகு, பாலம், பள்ளிக்கூடம் என்று கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். விழுப்புரத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். வயது அறுபத்தைந்து. நான் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்ட மொத ஆளு நீங்கதான் சார். மத்தவங்க எல்லாம் இடிஞ்சப்புறம்தான் வருவாங்க.”

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு டாக்டரைக் கூட்டிக்கினு போவாங்களா? அந்த மாதிரி இருக்கு இது. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆவும். அந்த ஆளு வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவாரு.”

“சோதிக்காம எப்படி வாங்கறது?”

“சோதிங்க. யாரு வேணான்னது? சொந்தக்காரரா வரச் சொல்லுங்க. எங்க பெரியப்பான்னு சொல்லிக்கலாம். பெரியவங்க வந்து பாக்கறது வழக்கம்தானே?”

இன்ஜினியர் இதை ஒரு கட்டுமானப் பணியாகவே எடுத்துக்கொண்டார். எந்த ஊர்ப் பெரியப்பா, எத்தனை பிள்ளைகள், கல்யாணத்துக்கு வந்திருந்தாரா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்றெல்லாம் என் மனைவியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கண்டமங்கலம் பக்கம், இரண்டு பையன்கள், கல்யாணத்தின்போது மஞ்சள் காமாலை என்று முடிவாயிற்று. மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “வூட்டுக்குள்ள நின்னுக்கினு அந்த வூட்டைக் கொறை சொல்லக் கூடாதுங்க. சொன்னா பலிச்சிடும்.” ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அதற்கு மேல் என்ன பலிக்கப் போகிறது என்று கேட்டேன். இன்ஜினியர் அந்த நிபந்தனையையும் குறித்துக்கொண்டார்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். பெரியப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. மேலே ஆப்பிளும் வெற்றிலையும், கீழே சுத்தியலும் டார்ச் லைட்டும். வாசலிலேயே திண்டிவனத்து வீட்டுக்காரர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். “அக்காவுக்குப் பெரியப்பான்னா எனக்கும் பெரியப்பாதான். உள்ள வாங்க பெரியப்பா.”

நான் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் போலியாகச் செய்யத் தெரியாதவன். அதையும் பள்ளியில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவன். அதனால் ஒரு மூலையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். அவரோ அனாயாசமாக இருந்தார். தூணைத் தட்டிக்கொடுப்பதுபோல் விரல் முட்டியால் தட்டினார். “கண்ணு சரியா தெரியல தம்பி” என்று சொல்லி டார்ச்சை எடுத்துக் கூரையில் அடித்தார். பாத்ரூமுக்குப் போனவர் இருபது நிமிடம் வரவில்லை. வீட்டுக்காரரின் மனைவி என் மனைவியிடம் குனிந்து, “பெரியப்பாவுக்கு சுகருங்களா அக்கா?” என்று கேட்டாள்.

பிறகு பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, “மேல்மலையனூரு அம்மன் பழம்மா, பூஜையில வையி” என்று நீட்டினார். நீட்டும்போது கை நழுவியது. பழம் கூடத்தின் நடுவில் விழுந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, தென்மேற்கு மூலையை நோக்கி உருள ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை. அது நிற்கவும் இல்லை. மூலை வரைக்கும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. தரை அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று எனக்குக்கூடப் புரிந்தது. வீட்டுக்காரரின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மனே குபேர மூலைக்குப் போறா பாருங்க!” பெரியப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூடத்துச் சுவர் நான்கிலும் நெஞ்சளவுக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருந்தது. கழுவிவிடச் சுலபம் என்றார் வீட்டுக்காரர். சுத்தமான குடும்பம் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். படித்தவன் அல்லவா.

அப்புறம் பெரியப்பாவும் வீட்டுக்காரரும் மொட்டை மாடியைப் பார்க்கப் போனார்கள். கால் மணி நேரமாயிற்று. அரை மணி நேரமாயிற்று. இறங்கி வரும்போது வீட்டுக்காரர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது. பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். “போயிட்டுச் சொல்லியனுப்பறோம் தம்பி” என்றார். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரரின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கே அவர் பெரியப்பா வேஷத்தைக் கலைத்துவிட்டு இன்ஜினியரானார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எழுதிக்கொண்டே வாசித்தார். தென்மேற்கு மூலை இறங்கியிருக்கிறது. இரண்டு தூண்களில் கம்பி துருப்பிடித்துக் காரையைப் பிதுக்குகிறது. கடலோரத்து மணலைக் கலந்திருக்கிறார்கள், உப்புப் பூக்கிறது. சமையலறைத் தளம் ஒழுகியிருக்கிறது, மேலே வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள். இப்படிப் பதினொன்று. பன்னிரண்டு என்று எண்ணை எழுதினார். எதிரே எதையும் எழுதாமல் பேனாவை மூடினார்.

“பன்னெண்டு என்னங்க?” என்றேன்.

“ஒண்ணு இருக்கு சார். அதைக் கேக்காதீங்க.”

“அதுக்குத்தானே உங்களைக் கூட்டிக்கினு வந்தேன்!”

“நானா கண்டுபுடிச்சிருந்தா சொல்லியிருப்பேன். மாடியில அந்தப் பையன் என் கையைப் புடிச்சிக்கினு, ‘பெரியவங்க நீங்க, உங்ககிட்ட மறைச்சா அந்தப் பாவம் என் புள்ளைங்களுக்கு வந்துடும் பெரியப்பா’ன்னு சொன்னான். அவன் பெரியப்பாகிட்ட சொன்னதை நான் எப்பிடி சார் இன்ஜினியரா ரிப்போர்ட்ல எழுதறது?”

“நீங்க பெரியப்பாவே இல்லையே!”

“அது அவனுக்குத் தெரியாதே.”

என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே உருப்படியான திட்டம் இப்படி முடிந்தது. பொய் சொல்லி ஒரு மனிதரை உள்ளே அனுப்பினேன். அந்தப் பொய்யை நம்பி அங்கே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த உண்மை எங்களுக்கும் இன்ஜினியருக்கும் நடுவில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொள்ள வழியில்லை.

அது வரைக்கும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள். “எது வரைக்கும் வந்துச்சாம்?”

அவர் டீயை ஆற்றினார். ஏற்கெனவே ஆறிப்போன டீ.

“டைல்ஸ் எவ்ளோ ஒசரமோ அவ்ளோன்னு வெச்சிக்கறேன்” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா.”

“நீங்க சொல்லல பெரியப்பா. நான் மொத நாளே பாத்தேன். குந்தற எடத்துல எவனாவது நெஞ்சு மட்டும் டைல்ஸ் போடுவானா? அந்த மழை வருசம் தண்ணி உள்ள வந்துட்டுப் போயிருக்கு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“சொன்னா வேணான்னுவீங்க. வேணான்னுட்டு எங்க போவீங்க? தண்ணி வராத எடத்துல இந்தப் பணத்துக்கு வூடு இருக்குதா? நீங்களும் நாலு மாசமா தேடிக்கினு இருந்தீங்களே.”

நான்கு மாதமாகத் தேடியது உண்மைதான். இந்தப் பணத்துக்கு மேட்டில் எனக்குக் காட்டப்பட்டவை இரண்டு. ஒன்றில் கோர்ட் கேஸ் இருந்தது. இன்னொன்றில் வீடே இல்லை, அஸ்திவாரமும் நம்பிக்கையும் மட்டும் இருந்தன.

அவள் அவரைப் பார்த்துத் திரும்பினாள். “எவ்ளோ வருசம் நிக்கும் பெரியப்பா?”

அவர் பதினொன்றையும் மறுபடி ஒரு தரம் படித்தார். “மூலைக்கு ஏதாவது பண்ணி, தூணுக்கு ஒரு பூச்சு குடுத்து, பாத்துப் பாத்து ஓட்டினா... பன்னெண்டு வருசம். மிஞ்சிப்போனா பதினஞ்சு. அதுக்கப்புறம் யாரையும் உள்ள குடிவைக்காதீங்க.”

“போதும்” என்றாள்.

அவள் கணக்குப் போட்ட வேகத்தில் நான் ஆடிப்போனேன். ஐம்பத்து மூன்றும் பதினைந்தும் அறுபத்தெட்டு. அதற்கு மேல் என்னை அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்த்துப் பேச என்னிடம் ஆதாரமும் இல்லை. எனக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. என் தூண்களைத் தட்டிப் பார்த்தால் அவர் அவ்வளவுகூடக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

அவர் பீஸ் வாங்கவில்லை. “வேலையை முழுசா முடிக்கலையே சார்” என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஆவணியில் பதிவு செய்தோம். அதற்கு முன் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார். வாசலில் என்னை நிற்கவைத்து வீட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் பத்து நிமிடம். பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை.

பால் காய்ச்சிய அன்று எதிர்வீட்டு அம்மாள் எவர்சில்வர் குடத்தோடு வந்து, உட்காருவதற்கு முன்பே சொன்னாள். “பாத்து இருங்கம்மா. அந்த வருசம் இந்த ஜன்னலு வரைக்கும் நின்னுச்சி. மூணு நாளு. இவங்க வூட்டுப் புள்ளைங்களை நாங்கதான் மாடியில வெச்சிக்கினு இருந்தோம்.” தெருவில் பால் ஊற்றுகிறவர், கேபிள்காரர், இஸ்திரி போடுகிறவர் என்று அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். சிலர் கையால் உயரம் காட்டினார்கள். ஒரு தெருவே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியை ரகசியமாகப் பேசத்தான் இரண்டு பெரிய மனிதர்கள் மாடியில் அரை மணி நேரம் கண்கலங்கியிருக்கிறார்கள்.

இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது நாள். சாயங்காலமானால் மயிலம் பக்கம் வானம் கறுக்கிறது, பிறகு மனம் மாறிக் கலைகிறது. பிரிட்ஜை ஆறு ஹாலோ பிளாக் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். பால் எடுக்க மனைவி முக்காலி போட்டு ஏறுகிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். ஏறி இறங்கத் தேவையில்லாத வீடு வேண்டும் என்றுதான் இங்கே வந்தோம்.

நேற்று புத்தக அலமாரியை ஒழுங்கு செய்தேன். எதை மேல்தட்டில் வைப்பது, எதை அடித்தட்டில் வைப்பது என்று பாதி நாள் யோசித்தேன். அவள் வந்து பார்த்தாள்.

“நீங்க எழுதின புஸ்தகம் நாப்பது காப்பி விக்காம கெடக்குதே, அதைக் கீழ வையுங்க” என்றாள். “தண்ணியைக் கொஞ்சம் இழுக்கும்.”

வைத்துவிட்டேன்.