அத்தப்பூவில் ஒரு ஸ்கூட்டர்

சுசீந்திரம் ரோட்டில் என் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தபோது, வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த என் நாலு வயது மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதன்பிறகு அவள் என் கையைப் பிடிக்கவே இல்லை. பிரேக் சத்தம் கேட்டால் நான் இப்போதும் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன்.

இரண்டு வாரத்தில் ஓணம் வந்தது. வாசலில் அத்தப்பூக் கோலம் போட நான், மனைவி, மகள் மூவரும் உட்கார்ந்தோம். நூல் பிடித்து வட்டம் வரைந்தேன். மகள் வெளியே போட்ட இதழ்களை எல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

“நீங்க என்ன பரீட்சையா எழுதுதிய? பிள்ளை சொல்லுகத மட்டும் செய்யுங்க,” என்றாள் மனைவி.

“எங்க வைக்கணும் மக்கா?” என்று மகளிடம் கேட்டேன்.

திரும்பி வந்தவள், வட்டத்தின் குறுக்கே வாடாமல்லியால் ஒரு ரோடு போட்டாள். ரோட்டோரமாக இரண்டு செவ்வந்தியும் நடுவில் ஒரு இலையும் வைத்தாள்.

“நம்ம வண்டி. விழுந்து கெடக்கு.”

குனிந்து பார்த்தேன்.

“அப்பா, தூக்கி ரோட்டுல வையி.”

வைத்தேன். சரியாக இல்லை என்று என் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

இப்போது ஞாயிறுதோறும் மூவரும் சேர்ந்து எதையாவது வரைகிறோம், ஒட்டுகிறோம். பயம் எனக்குத்தான் மிச்சம், அவளுக்கு இல்லை. நூலை நான் எடுப்பதே இல்லை.