என்னைத் தெரியாத வீட்டுக்காரர்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டைப் பூட்டி, திறப்பை இன்று திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரு வருட ஒப்பந்தம். எட்டு மாதம்தான் இருந்தேன்.

"தம்பி, இடையில விட்டிட்டுப் போறியள். அட்வான்ஸ் திருப்பித் தரேலாது," என்றார் வீட்டுக்கார ஐயா.

வீடு வீடாகத் தமிழர்களைச் சோதித்த போன வாரச் சுற்றிவளைப்பில் பொலிஸ் என்னைப் பிடித்தபோது, "இவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது" என்று வாசலில் நின்று சொன்னவரும் இவர்தான். இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தேன்.

"தெரியாத ஆளோட என்னய்யா ஒப்பந்தம்?" என்று கேட்டேன்.

"அது பயத்தில சொன்னது. இது எழுத்தில இருக்கு," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

திறப்பை மேசையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கிருலப்பனையில், நண்பனின் அறையில் இருக்கிறேன். வீடு தேடுகிறேன். பொலிஸ் வந்து கேட்டாலும் என் பெயரை மறக்காத வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.