பக்கத்துக் கட்டில் பிலோமினா

போன செவ்வாய்க்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். ரயில்வே தொழிலாளர்களின் விதவைகள் இலவசமாகத் தங்கட்டும் என்று, எப்போதோ செத்துப்போன ஒரு புண்ணியவான் எழுதி வைத்த டிரஸ்ட் வீடு. இப்போது டிரஸ்டை நடத்துபவர்கள் அதை ஹோட்டலுக்கு விடப்போகிறார்களாம். அங்கே தங்கியிருக்கும் ரோஸ்மேரி ஆன்டிக்குக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எழுபத்தாறு வயது. வேறு போக்கிடம் கிடையாது.

வக்கீல் நண்பர் சிவாவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"என் பேர்ல கேஸ் போடுங்க தம்பி" என்றார் ஆன்டி.

சிவா தலையைச் சொறிந்தார். "ஃபேமிலி டிரஸ்ட்னா பேர் எழுதியிருப்பாங்க ஆன்டி. அவங்க நேரா கோர்ட்டுக்குப் போகலாம். இது தர்ம டிரஸ்ட். விதவைகள்னு மட்டும்தான் இருக்கு, உங்க பேர் இல்ல. அரசாங்கத்தோட சட்டத்துறைத் தலைவர்தான் கேஸ் போடணும். இல்லன்னா அவர்கிட்ட எழுத்துல பெர்மிஷன் வாங்கி, சம்பந்தப்பட்ட ரெண்டு பேராவது சேர்ந்து போடணும்."

அதாவது... பத்தொன்பது வருஷம் அங்கே சமைத்து, தூங்கி, மூச்சுவிட்ட மனுஷி, தனியாக நின்றால் கோர்ட் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆவியா என்ன? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மத்தவங்க எல்லாம் பிள்ளைங்களோட போயிட்டாங்க. பிலோமினா இருக்காளே லா" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினார் ஆன்டி. சலவை விரிப்பு. கீழே ஒரு ஜோடி செருப்பு. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் பாத்ரூமில் இருப்பார் என்று நினைத்தேன்.

பிலோமினாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரை ஆன்டி மனப்பாடமாகச் சொல்ல, சிவா எழுதினார்.

"கையெழுத்து போட வரச் சொல்லுங்க ஆன்டி."

"எப்படி வருவா? அடுத்த மாசம் அவளுக்கு வருஷப் பூசை."

சிவாவின் பேனா நின்றது. பட்டப்பகல் மூன்று மணிக்கு எனக்கு முதுகு சில்லிட்டது.

"வீட்ட எழுதி வச்சவரும்தான் செத்துட்டாரு. அவர் பேச்சு செல்லுது. இவ பேச்சு செல்லாதா?"

சிவா எழுதிய நம்பரை அடித்தார்.

மெதுவாக விசாரித்தபோதுதான் தெரிந்தது. சாவியும் ஆள் சேர்ப்பதும் ஆன்டி பொறுப்பு. சுங்கை வேயிலிருந்து ஒரு அக்கா — ரயில்வேக்காரரின் விதவை — இரண்டு முறை வந்து இடம் கேட்டிருக்கிறார். வருஷப் பூசை முடியாமல் பிலோமினாவின் கட்டிலைக் கொடுக்க மனசில்லை. "ஆள் இருக்கு" என்று ஆன்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார். வாசலுக்குத் தேடி வந்த இரண்டாவது ஆளை!

"அவங்களையே கூப்பிடுங்க. பெர்மிஷனுக்கு இன்னைக்கே எழுதுறேன்" என்றார் சிவா.

ஆன்டி பக்கத்துக் கட்டிலின் விரிப்பைத் தடவினார். பிறகு போன் செய்தார். "நாளைக்கே வந்துரும்மா." போனை வைத்துவிட்டு, கட்டில் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிலோ, கொஞ்சம் தள்ளிப் படு லா."

சுங்கை வே அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!