சிங்கப்பூரில் மாடு வாங்கி மாட்டிக்கொண்டேன்

மாட்டுப்பண்ணை வைத்திருப்பவனுக்கு எந்த ஊரிலும் லீவு கிடையாது. சிங்கப்பூரில் வைத்திருப்பவனுக்கு அனுதாபமும் கிடையாது. "இங்கேயா? மாடா?" என்று ஆச்சரியப்பட்டு முடிக்கவே எல்லாருக்கும் நேரம் சரியாகிவிடும். ஒழுங்காக இருந்த வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கி விழி பிதுங்கியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

புது பூட்ஸ்

சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் இருந்தேன். ஷிப்ட் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் ஒருவர் தன் சின்னப் பால்பண்ணையை மாடுகளோடு கைமாற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. என் மனைவி செல்வி தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "லிட்டில் இந்தியா பக்கம் நல்ல பாலுக்கு ஆள் இல்லாமலா போகும்?" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். வேலையை விட்டேன்.

முதல் நாள் காலை தீவன லாரி வந்தது. ஓட்டி வந்த ஹமீது பாய் பழைய முதலாளி காலத்து ஆள். மூட்டைகளை இறக்கிவிட்டு, என்னையும் புதிதாக வாங்கியிருந்த என் ரப்பர் பூட்ஸையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பழைய முதலாளி கிளம்புற அன்னைக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே போனாருண்ணே. அதுக்கு முன்னாடி அவரு பாடி நான் கேட்டதே இல்ல."

சோயாச் சக்கை

தோஃபு என்ற சோயாப் பன்னீர் செய்கிற தொழிற்சாலையில் மிஞ்சும் சோயாச் சக்கை மாடுகளுக்கு நல்ல தீனி. ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். ஒரு நாள் மதியம் வரை ஏற்றாமல் வெளியிலேயே வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நானும் அவசரத்தில் முகர்ந்து பார்க்காமல் போட்டுவிட்டேன். மறுநாள் தொழுவம் முழுக்க வயிற்றுப்போக்கு. பண்ணையில் எங்களோடு வேலை செய்த பழனி தண்ணீர் அடித்துக் கழுவக் கழுவ, பின்னாலேயே அடுத்த மாடு ஆரம்பிக்கும். வாரம் முழுக்கப் பால் சுருங்கிப்போய், பால் கேட்டவர்களிடமெல்லாம் செல்வி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலைக்கே போய் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்:

"நாங்க குப்பைன்னு நினைச்சுத்தான் கொடுக்கிறோம். அதை ஒரு உயிர் சாப்பிடுதுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே."

பொங்கல் கூட்டம்

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் தொழுவம் போட்டு மாடுகளைக் காட்டுவார்கள். எங்கள் மல்லியை அழைத்துப் போனோம். சாதுவான மாடு, யார் கழுத்தைத் தடவினாலும் கண்ணை மூடிக்கொள்ளும். படம் எடுக்க வரிசை நின்றது. செல்வி ஓரமாக நின்று காய்ச்சிய பாலைச் சின்னக் கப்புகளில் நீட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பட்டுப்புடவையில் வந்த ஓர் இளம்பெண் மல்லியோடு படம் எடுத்துக்கொண்டு, கப்பை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாடு ரொம்ப க்யூட்டா இருக்குக்கா. ஆனா வீட்ல நாங்க எல்லாருமே குடிக்கிறது ஓட்ஸ் மில்க்தான் லா."

மல்லி

மறு வருஷம் மல்லி கன்று போட்டது. கன்று நன்றாக இருந்தது. அடுத்த நாள் காலை மல்லியால்தான் எழுந்திருக்க முடியவில்லை. கன்று போட்டதும் சில மாடுகளுக்கு உடம்பில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடும். நேரத்தோடு ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளும். வழக்கமாக வரும் டாக்டர் ஊரில் இல்லை. ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டேன். நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். ஓர் இடத்தில் முயல் என்றார்கள். ஒரு கிளினிக்கில் மட்டும் ஒரு தமிழ்ப் பெண் அக்கறையாக, "காரில் வைத்துக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டாள். மாடும்மா என்றேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க நானும் பழனியும் மூட்டைகளை முட்டுக்கொடுத்தோம். செல்வி மல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதுகள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. மதிய மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கால் மரத்துப்போன செல்வியை நாங்கள்தான் தூக்கிவிட்டோம்.

மறுநாள் கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அதே பெண்.

"நேத்து முழுக்க உங்க ஞாபகமாவே இருந்துச்சு சார். உங்க பெட் அனிமல் இப்போ பரவாயில்லையா?"

ஒப்படைப்பு

பண்ணை இருந்த அரசாங்க நிலத்தின் குத்தகை முடிந்தது, நிலம் வேறு திட்டத்துக்கு வேண்டுமாம். மாடுகளை வேறொரு பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். மல்லியின் கன்று லாரியில் ஏறும்போது செல்வி வெளியே வரவில்லை. ஹமீது பாய்தான் ஓட்டினார். கிளம்பும்போது ஹார்ன் அடிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் ஓர் இளம் அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை, பணிவாகப் பேசினார். எங்கள் பண்ணை முழுக்கச் சிமெண்டுத் தரை. இருந்தவரை எந்த மாடும் அங்கே ஒரு வாய் புல் மேய்ந்ததில்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொட்டகையை உடைச்சு, சிமெண்டை எடுத்துட்டு, இடம் முழுக்கப் புல் வெச்சுக் கொடுத்திடுங்க சார். நல்லா பச்சையா இருக்கணும்."

இப்போது மறுபடியும் சரக்குப் பெட்டிகளோடுதான் வேலை. அவற்றிடம் எனக்கு ஒரே குறை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதுவும் திரும்பிப் பார்ப்பதில்லை.